பண்ணையில் பதிந்த பாட்டும் பேச்சும்: மடி வாட்டர்ஸின் முதல் ஒலிப்பதிவுகள்

மடி வாட்டர்ஸ் சிகாகோவில் ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையின் மின்கிட்டார் கலைஞராகப் புகழ் பெறுவதற்கு முன், மிசிசிப்பியின் ஸ்டோவால் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நாள்களில் பாடியவை 'தி கம்ப்ளீட் பிளான்டேஷன் ரெக்கார்டிங்ஸ்' என்னும் குறுந்தகட்டில் 22 பதிவுகளாகக் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய கள ஆய்வுக்காக, நூலகத்தின் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்கின் ஜான் வொர்க்கும் 1941 ஆகஸ்டில் அங்கே சென்றனர். மறு ஆண்டு லோமாக்ஸ் மீண்டும் சென்றார். குறுந்தகடு 1993-இல் வெளிவந்தது.

'கண்ட்ரி ப்ளூஸ்' என்ற முதல் பாட்டிலேயே இத்தொகுப்பின் அருமை விளங்கிவிடுகிறது. பாடகர் ஒரு வரியின் கடைசிச் சொல்லை முழுதும் சொல்லாமல் விட, விரலில் மாட்டிக் கிட்டார்க் கம்பியின்மேல் வழுக்கிச் செல்லும் போத்தல் கழுத்துத் துண்டு அதை முடித்துவைக்கிறது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழைவு அந்நியமாகத் தோன்றாது. எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடைகளில் பல ஆண்டுகள் வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடிய பெரியப்பா ஒருவருக்குப் பாளையங்கோட்டையில் என் வீட்டில் இதைப் போட்டுக் காட்டியபோது, அவர் முதலில் கேட்டது, "அந்தப் பின்பாட்டு பாடுதது யாரு?" என்பதுதான். அது கம்பி என்று சொன்ன பிறகு, இன்னொரு முறை போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டுகளுக்கு இடையே வரும் நான்கு உரையாடல்களைத் தாண்டிச் செல்வோர் பாதியை இழக்கிறார்கள். 'கண்ட்ரி ப்ளூஸ்' எப்போது பிறந்தது என்ற கேள்விக்கு, 1938 அக்டோபரில் ஒரு காரின் பஞ்சரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மனத்தில் வந்தது என்கிறார் மடி வாட்டர்ஸ். பிறகு அதன் மெட்டை மூத்த ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸிடம் கற்றதையும் சொல்லிவிடுகிறார். தானே கட்டிய பாட்டு, பிறரிடம் பெற்ற மெட்டு என்ற இரண்டையும் ஒரே மூச்சில் முரணின்றிச் சொல்லும் அந்த மனம் நம் கிராமத்துப் பாட்டுக்காரர்களின் மனமேதான். நா. வானமாமலையும் அவருடைய நெல்லை ஆய்வுக் குழுவினரும் அரும்பாடுபட்டுத் திரட்டியதால் நம் பாடல்களின் சொற்கள் அச்சில் தப்பின. பாடியவர் எங்கே மூச்சு விட்டார், எங்கே தயங்கினார் என்பதை அச்சு தாங்காது. இந்தக் குறுந்தகடு என்னை வருத்தியதும் அந்த இடத்தில்தான்.

குறைகளும் உண்டு. பதிவுத் தட்டுகளின் இரைச்சல் சில இடங்களில் சொற்களை விழுங்குகிறது. லோமாக்ஸின் கேள்விகள் சற்றே விரைந்து வர, பண்ணைத் தொழிலாளி அளந்தே மறுமொழி சொல்கிறார். சாராயம் காய்ச்சுவதைப் பிடிக்க வந்த அரசு ஆள் என்று லோமாக்ஸை முதலில் ஐயுற்றதாகப் பின்னாளில் மடி வாட்டர்ஸே கூறியதை நினைத்தால் அந்த நிதானம் புரிகிறது. ஃபிஸ்கின் கறுப்பினப் பேராசிரியரான வொர்க்கின் உழைப்புக்கு உரிய மதிப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பதையும் கேட்பவர் மறக்கக் கூடாது: அவரும் அவருடைய தோழர்களும் எழுதியவை காணாமல் கிடந்து, 2005-இல்தான் நூலாக வந்தன.

ஹென்றி சிம்ஸின் ஃபிடிலோடு குழுவாக வாசித்தவை கரடுமுரடாக இருந்தாலும், சனிக்கிழமை இரவு ஆட்டத்தின் சூடு அவற்றில் குறையவில்லை. அரைகுறையாக நின்றுபோன பதிவு ஒன்றையும் நீக்காமல் சேர்த்திருப்பதை நான் வரவேற்கிறேன்.

தம் பதிவின் இரண்டு பிரதிகளும் 20 டாலரும் வந்துசேர்ந்ததும், மடி வாட்டர்ஸ் அந்தத் தட்டைக் கடைப் பாட்டுப் பெட்டியில் போட்டுப் போட்டுக் கேட்டாராம். 1943-இல் சிகாகோவுக்குப் புறப்பட்டார். வாங்குபவர்கள் முதல் பாட்டைக் கேட்டு, உடனே அடுத்துள்ள உரையாடலையும் கேட்டு, பிறகு 20-ஆவது பதிவாக வரும் அதே பாட்டின் இரண்டாம் வடிவத்துக்குச் செல்லட்டும்.