எட்டாண்டு மடிக்கணினி: நிலைத்த செலவும் கரைந்த செலவும்

2017 ஆகஸ்டில் 41,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மடிக்கணினியை 2025 ஆகஸ்ட் வரை அன்றாடம் பயன்படுத்தினேன். இன்டெல் ஐ5-7200யூ செயலி, 4 ஜிபி ராம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், 15.6 அங்குலத் திரை என்பவை அதன் அமைப்பு. நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் கட்டுவதும் என் தொழிலாதலால், நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அது திறந்தே கிடக்கும். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதைச் சொல்லப்போவதில்லை. நான் சந்தித்த பழுதுகள் எல்லாத் தயாரிப்புகளிலும் வருபவைதான்.

முதல் தொல்லை 2019-இல் தொடங்கியது. கணினியைத் தொடங்கிவிட்டுக் காபி போட்டுக் குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வைரஸாக இருக்கும் என்று சொல்லித் தெருமுனைக் கடையில் இரண்டு முறை விண்டோஸை அழித்து நிறுவினார்கள். இரண்டு முறையும் ஒரு வாரத்தில் பழைய நிலையே திரும்பியது. உண்மையில், நிமிடத்துக்கு 5,400 சுற்றுகள் மட்டுமே சுழலும் அந்த ஹார்ட் டிஸ்க்கால் விண்டோஸ் 10 கேட்ட வேகத்தில் தரவைப் படித்துத் தர முடியவில்லை. 2020 ஜனவரியில் சுழலும் பாகமே இல்லாத வேகமான சேமிப்பகமான 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை 5,200 ரூபாய்க்கும், காலியாக இருந்த இரண்டாவது ராம் இடத்துக்கு 8 ஜிபி டிடிஆர்4 ஒன்றை 2,900 ரூபாய்க்கும் வாங்கிப் பொருத்தினேன். தொடங்கும் நேரம் இருபது நொடிக்குள் வந்துவிட்டது. இந்த எட்டாண்டுகளில் நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது இதுதான். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2021-இல் டச்பேடு அழுந்த மறுத்தது. டச்பேடுதான் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிதாக ஒன்று மாற்றக் கேட்டபோது, கடைக்காரர் கணினியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து ஆட்டிக் காட்டினார். அடிப்பகுதி சமமாக உட்காரவில்லை. உள்ளே லித்தியம் பேட்டரி உப்பி டச்பேடை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அன்றே கழற்றியாயிற்று. மலிவாகக் கிடைத்த மாற்றுப் பேட்டரி பதினொரு மாதம் உழைத்தது. அடுத்து இரட்டிப்பு விலையில் வாங்கிய அசல் பேட்டரி கடைசி வரை நின்றது.

கீல் உடைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரையை ஒரு மூலையைப் பிடித்தே திறக்கும் என் பழக்கத்தால், கீலைப் பிடித்திருந்த பித்தளைத் திருகுமறைகள் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிட்டன. மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் 6,000 ரூபாய் கேட்டார்கள். இன்னொருவர் மூடியில் இரண்டு துளை போட்டு வெளிப்புறமாகத் திருகாணி முடுக்கி, அரால்டைட் பூசி 800 ரூபாயில் முடித்தார். பார்க்க அழகில்லைதான், ஆனால் அதன்பின் அந்தக் கீல் அசையவே இல்லை.

உண்மையான குழப்பம் 2024 நவம்பரில் வந்தது. ஒரு நாள் காலை பொத்தானை அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை. சேவை மையத்தில் மதர்போர்டை (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மை மின்சுற்றுப் பலகையை) மாற்ற 16,500 ரூபாய் என்றார்கள். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில், போர்டை மாற்றாமல் அதிலுள்ள சிறு பாகங்களை மட்டும் மாற்றும் சிப் லெவல் வேலை செய்யும் ஒருவர் 4,000 ரூபாய் என்றார். அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே ஓர் அனுபவம். 19 வோல்ட் வரும் தடத்தில் ஷார்ட் (மின்சாரம் குறுக்குவழியில் பாய்வது) இருப்பதை மல்டிமீட்டரில் கண்டுபிடித்து, போர்டின் மேல் ஆல்கஹால் துளிகளைத் தெளித்து, மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் செலுத்தினார். ஓரிடத்தில் மட்டும் துளி சட்டென்று உலர்ந்தது. அங்கே சூடேறியிருந்த அரிசி மணியளவுள்ள கெப்பாசிட்டரை எடுத்ததும் கணினி உயிர்பெற்றது. 16,500 எங்கே, 4,000 எங்கே என்று மகிழ்ந்து வீடு திரும்பினேன்.

அந்த மகிழ்ச்சி ஐந்து மாதம் நீடித்தது. 2025 ஏப்ரலில் சார்ஜ் ஏறுவது நின்றது. அதற்கு 1,500 ரூபாய். ஆகஸ்டில் மீண்டும் முழுதாக அணைந்தது. போர்டைத் திருப்பிக் காட்டிய அதே சிப் லெவல் கடைக்காரர், "சார், ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு போகும், வுட்ருங்க" என்றார். என் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. இணைப்பு முனைகளில் பச்சை படர்ந்திருந்தது. அவர் திறமையில் குறையில்லை. அவர் மாற்றிய கெப்பாசிட்டரைச் சுற்றியிருந்தவை எல்லாம் அதே வயதுடையவை, அதே உப்புக் காற்றைத் தின்றவை.

பழுதுச் செலவு புதிய கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் மட்டுமே புதிது வாங்கு என்று பலரும் சொல்வார்கள். 50,000 ரூபாய்க் கணினியோடு ஒப்பிட்டால் 4,000 எப்போதும் சிறிய தொகைதான், பின்னால் வரும் 1,500 அதைவிடச் சிறியது. ஆகவே அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் சரிசெய்யவே சொல்லும். நான் இப்போது வேறொன்றைக் கேட்கிறேன்: காசு கொடுத்துப் போடும் பாகம், இந்தக் கணினி செத்தால் என்னோடு வருமா? எஸ்எஸ்டியும் ராமும் வந்தன. மதர்போர்டில் போட்ட 5,500 ரூபாய் அதோடேயே போயிற்று. தவிர, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியவிருந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் என் ஏழாம் தலைமுறைச் செயலி இல்லை. லினக்ஸுக்கு மாறலாம்தான், ஆனால் நான் பக்கம் கட்டும் மென்பொருளுக்கு அங்கே இடமில்லை. இதையெல்லாம் நவம்பரிலேயே யோசித்திருக்க வேண்டும்.

செப்டம்பரில், அலுவலகங்களில் ஓடித் திரும்பிய எட்டாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி ஒன்றை ரிச்சி தெருவிலேயே 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன் கடையிலேயே மூன்றைச் சோதித்தேன்: பயாஸுக்கு (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளுக்கு) கடவுச்சொல் போட்டிருக்கிறார்களா, பேட்டரியின் எஞ்சிய கொள்ளளவு எவ்வளவு (விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் 71 விழுக்காடு என்று வந்தது), என் 2.5 அங்குல எஸ்எஸ்டியைப் பொருத்த உள்ளே இடம் இருக்கிறதா. எஸ்எஸ்டியை மாற்றிப் பொருத்தித் தொடங்கியதும், வட்டிலுள்ள தரவைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டது. வட்டைப் பூட்டிய சாவி பழைய போர்டிலேயே தங்கிவிடுவதால் இப்படிக் கேட்கும். ஏப்ரலில் பயந்துபோய் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இல்லையென்றால், அச்சுக்குப் போகவேண்டிய இரண்டு நூல்கள் வட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கும்.

பழைய கணினியின் திரையையும் விசைப்பலகையையும் அதே சிப் லெவல் கடைக்காரர் 1,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். இப்போதுள்ளது 14 அங்குலத் திரை, தனி எண்விசைகளும் கிடையாது. பக்க எண்களை அடிக்கும்போது வலக்கை இன்னும் பழைய இடத்தையே தேடிப் போகிறது.