பழைய காரின் ரேடியேட்டருக்கு எது: போர் தண்ணியா, ரெடிமிக்ஸா, கான்சன்ட்ரேட்டா?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஆல்ட்டோ, சான்ட்ரோ, இண்டிகா என்று எந்த வண்டியைக் கைமாற்றி வாங்கினாலும், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் டீக்கலரில் துருத்தண்ணி நிற்கும் வண்டிகள் ஏராளம். அளவு குறையும்போதெல்லாம் முந்தின ஓனர் குழாயடியில் பிடித்து ஊற்றியதுதான் அது. அதை இறக்கிவிட்டு எதை ஊற்றுவது என்பதுதான் கேள்வி: வெறும் போர் தண்ணியா, தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூலன்ட்டா, நாமே தண்ணீர் சேர்க்க வேண்டிய கான்சன்ட்ரேட் கூலன்ட்டா?

போர் தண்ணிக்காகப் பேசுபவர்கள் சொல்வதில் பாதி சரி. "நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது?" உறையாதுதான். கூலன்ட் என்பது கிளைக்கால் என்ற திரவமும் துருத்தடுப்பு மருந்தும் சேர்ந்தது. சூட்டை இழுத்துப் போவதில் அந்தக் கிளைக்காலைவிட வெறும் தண்ணீரே கெட்டி. கெடுப்பது அதில் கரைந்திருக்கும் உப்பு. எஞ்சினில் சூடு அதிகமான இடம் ஹெட்டில் (பிளாக் என்ற அடிப்பகுதிக்கு மேலே உட்காரும் பகுதி), புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. உப்பு முதலில் படிவதும் அங்கேதான். தோசைக்கல்லுக்கு அடியில் ஓடு வைத்து எரித்தால் எப்படியோ, சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. மீட்டர் முள் நடுவில் நிற்கும்போதே ஹெட் உள்ளுக்குள் காய்ந்துகொண்டிருக்கும். அலுமினியம் அரிக்கும், பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் தகர மூடிகள் துருப்பிடித்து ஓட்டை விழும், வாட்டர் பம்ப் சீல் தேயும்.

வீட்டு ஆர்ஓ தண்ணீர் தேவலாம், ஆனாலும் உப்பு முழுசாகப் போயிருக்காது. ஏசி வடிதண்ணீரில் உப்பு இல்லை. தூசியும் செம்புத் துணுக்கும் வரும். சரியானது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். கொடைக்கானல் மலையேற்றத்தில் வண்டி ஹீட் ஆகி நின்றால் கதை வேறு: அரை மணி நேரம் ஆறவிட்டு, குடிக்கிற தண்ணீரையே ஊற்றி இறங்கி வாருங்கள், அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.

ரெடிமிக்ஸ் சோம்பேறிகளுக்கு நல்லது. கேனைத் திறந்து அப்படியே ஊற்றலாம். டாப்-அப்புக்கு அதுதான் வசதி. முழுசாக மாற்றும்போதுதான் கணக்கு இடிக்கிறது. ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றினாலும் பிளாக்குக்குள் தண்ணீர் மிஞ்சும். மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர், உள்ளே மிஞ்சியது 1.2 லிட்டர் என்று வையுங்கள். ஊற்ற இடம் 2.8 லிட்டர்தான். கேனில் இருப்பது 30 சதவீதக் கலவையாக இருந்தால், அது உள்ளே போய் 21 சதவீதமாக நீர்த்துவிடும். துருத்தடுப்பு மருந்து வேலை செய்ய அது போதாது. காசு கொடுத்துக் கலர் தண்ணீர் வாங்கின மாதிரி.

அதனால் பிளஷ் செய்து, அதாவது உள்ளே அலசிவிட்டு, மாற்றும்போது கான்சன்ட்ரேட்தான் சரி. அதே வண்டிக்கு 40 சதவீதம் வேண்டுமென்றால் 1.6 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள், மீதி 1.2 லிட்டர் இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். உள்ளே மிஞ்சியதும் சேர்ந்து கலவை தானாகச் சரியாகிவிடும். ஒரே நிபந்தனை, கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில் இருக்க வேண்டும். நம் வெயிலுக்கு 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கிளைக்கால் கூடக்கூட சூடு இழுப்பது குறையும். 33 சதவீதத்துக்குக் கீழும் போக வேண்டாம்.

ஊற்றும்போது ரேடியேட்டர் வாய் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் சூடு பக்கம் திருப்பி, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, மட்டம் திடீரென்று இறங்கும். அதுதான் தெர்மோஸ்டாட் (சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு) திறந்த அடையாளம். ஹோஸைத் துணி சுற்றிப் பிசைந்து காற்றை வெளியேற்றி, நிரப்பி மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பாருங்கள்.

பச்சையா சிவப்பா என்ற சண்டையில் நிறத்தை நம்பக்கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி சாயம் மாறும். பழைய வகைக் கூலன்ட் பொதுவாக 2 வருடம், ஆர்கானிக் ஆசிட் வகை 5 வருடம் வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் ஆயுள் போகும், சிலசமயம் கூழாகக் கட்டிக்கொள்ளும். என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்றே தெரியாத பழைய வண்டிக்கு, முழுசாக அலசிவிட்டு மேனுவல் சொல்லும் வகையை ஊற்றி 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே லாபம்.

இவ்வளவு அலசினாலும், கொதிக்காமல் காப்பதில் கூலன்ட்டைவிட, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடிக்கே பங்கு பெரிது. 50 சதவீதக் கலவை கொதிநிலையை ஏழெட்டு டிகிரிதான் ஏற்றும். 0.9 (பார் கணக்கில் அழுத்தம்) என்று அச்சிட்ட நல்ல மூடி வெறும் தண்ணீரையே 118 டிகிரி வரை கொதிக்கவிடாது. ரப்பர் வெடித்திருந்தாலோ, வண்டி ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தாலோ மூடியை மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. சிம்மக்கல் நெரிசலில் முள் கீழே நிற்பது மனசுக்கு ஆறுதல்தான். எஞ்சின் சூடேறாமல் பெட்ரோல் குடிக்கும். பைபாஸ் உள்ள எஞ்சின்களில் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்து, மேட்டில் ஏறும்போது இன்னும் சூடாகும். சந்தேகமிருந்தால் கழற்றியதைச் சட்டித் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும்.

டியூனிங்கில் ஸ்பார்க் பிளக் விஷயம் சுருக்கமானது: சாதாரண நிக்கல் பிளக்கை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும், பழைய வண்டிக்கு இரிடியம் ஆடம்பரம். கழற்றியதைத் தூக்கிப் போடுமுன் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று காப்பிநிறமாக இருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டாற்போல் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்காமல் புதுக் கூலன்ட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

அறுவடை முடிந்து ரோட்டில் கதிர் காயும் நாட்களில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஓடும் வண்டிக்கு, ரேடியேட்டர் முகத்தில் பதரும் தூசும் அப்பிக்கொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

இறக்கிய பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்றிவிடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் மாடும் நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். மூடி போட்ட கேனில் பிடித்துப் பட்டறையின் கழிவு டிரம்முக்குக் கொடுங்கள். மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் ரிசர்வ் டப்பாவைப் பாருங்கள். மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் உள்ளே காற்று இருந்து இப்போது வெளியேறியிருக்கிறது, மேல்கோடு வரை ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி இறங்கினால் கிளிப், ஹோஸ், வாட்டர் பம்பின் கசிவுத் துளை என்ற வரிசையில் தேடுங்கள்.