சீன 125: உழைக்கிறது, ஆயில் குறைந்தால் மட்டும் வாய் திறக்காது

கிளட்ச் லீவர் இல்லாமல் கியர் மாற்றும் பழைய சீன செமி-ஆட்டோ 125 சிசி மோட்டார் சைக்கிள் விலை இறங்கிக் கிடக்கிறதே, வாங்கலாமா என்று பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ரங்கூன் நகருக்குள் ஓட்டத் தடை என்பது அவருக்கே தெரியும். மற்றபடி குறை சொல்ல மனம் வராத வண்டி. பெட்ரோல் குடிக்காது, பின்னால் அரிசி மூட்டை ஏற்றினாலும் முனகாது, ஸ்பேர் சந்துக் கடையிலும் கிடைக்கும்.

எரிச்சல் ஒன்றே ஒன்று. ஆயில் விளக்கு கிடையாது. ஆயில் மாற்றும்போது ஊற்றுவதே சுமார் 800 மில்லி. என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் அதுதான். 200 மில்லி குறைந்தால் கால்வாசி போயிற்று. அது தெரிய வலப்பக்கத்து டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, விட்டால் வழியில்லை. அதுவும் சைடு ஸ்டாண்டில் பொய் சொல்லும். வண்டி இடப்பக்கம் சாய்வதால் ஆயிலும் அங்கே ஒதுங்கி, குச்சியில் குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால், மிஞ்சியது என்ஜின் மூச்சுவிடும் பிரீத்தர் குழாய் வழியே போய் ஏர் ஃபில்டரை நனைக்கும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து, குச்சியைத் துடைத்து, மரையை முறுக்காமல் சும்மா செருகி எடுத்துப் பாருங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் என்ஜினைத் தொடுங்கள். சூடாக இருந்தால் ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறின என்ஜினைக் கிளப்பியதும் குப்பென்று நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு சீல் போயிருக்கும். சூடான வண்டியில் அது தெரியாது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கப் புகைந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) அளந்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங்தான். ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும்.

மோல்மீன் மழையில் வெள்ளத்துக்குள் இறக்கின வண்டியென்றால் ஆயில் நிறத்தைப் பாருங்கள். மூடியின் உட்புறம் மட்டும் லேசாக வெள்ளைப் பிசுக்கு இருந்தால், பக்கத்துத் தெருவுக்கே ஓட்டிய வண்டியின் ஈரம். நீள ஓட்டத்தில் போய்விடும். குச்சி முழுக்கப் பால் டீ நிறமென்றால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. கிளப்பாமல் வடித்துவிடுங்கள். ஆயில் குறையாமல் கூடுகிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா? கார்பரேட்டர் ஊசி சரியாக அடைக்கவில்லை.

மலிவென்று கார் ஆயில் ஊற்றாதீர்கள். அதில் பலவற்றில் உள்ள வழுக்குச் சேர்மானம் கிளட்சைப் பிடிக்கவிடாது. இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவில் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறியில் எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்க வேண்டும். எம்பி வேண்டாம், அது ஸ்கூட்டருக்கு.

வடித்த ஆயில் மினுமினுத்தால் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு, பெரும்பாலும் கியர் தேய்மானம். ஒட்டாத வெள்ளித் தூள் அலுமினியம். பிஸ்டனோ ஹெட்டோ உரசுகிறது, செலவு பெரிது. வடிபோல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், வெறியோடு முறுக்காதீர்கள். அலுமினிய மரை போனால் என்ஜின் கேஸிலேயே கைவைக்க வேண்டிவரும்.

இத்தனை உழைக்கிற வண்டிக்கு ஒரு சின்ன விளக்கு வைக்க மனமில்லாதவர்களுக்கு மார்க் போட எனக்கும் மனமில்லை. வாங்காதீங்க தம்பி. என்னுடையதையும் கேட்காதீங்க, அது விற்பனைக்கு இல்லை.