ஆந்த்ரேயின் கண்கள்: ‘வெர்சாயின் ரோஜா’ பார்த்த இருபது இரவுகள்

ஒன்பதாம் வகுப்பில் ‘புரட்சிகளின் காலம்’ நடத்திக்கொண்டிருந்தேன். பாஸ்டில் சிறை விழுந்த கதையை முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “மிஸ், இதுல ஆஸ்கர் எங்க வர்றாங்க?” என்றாள்.

அப்படி ஒருவர் வரலாற்றில் இல்லையே என்றேன். அவள் முகம் வாடிப்போனது. மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். ‘வெர்சாயின் ரோஜா. 1979. 40 எபிசோட். பழசுதான், ஆனா கண்டிப்பா பாருங்க மிஸ்.’ மே மாத விடுமுறையில் இரவுச் சாப்பாடு முடிந்ததும், பெரும்பாலும் நாளைக்கு இரண்டு எபிசோட் என்று இந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தேன். இருபது இரவுகள். இரண்டாவது முறையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பானில் சிறுமிகளுக்கென்று வரும் காமிக்ஸை ஷோஜோ என்பார்கள். ரியோகோ இகேதா 1972-ல் ‘மார்கரெட்’ வாரப் பத்திரிகையில் இந்தக் கதையைத் தொடங்கியபோது அவருக்கு 24 வயது. பள்ளி நாட்களில் ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய பிரெஞ்சு ராணி மேரி ஆண்டாய்னெட்டின் வாழ்க்கை வரலாற்றைப் படித்ததிலிருந்து மனதில் ஊறிக்கிடந்த விஷயம். 1974-ல் எல்லா வேடங்களையும் பெண்களே ஏற்று நடிக்கும் தகராசுகா குழு இதை மேடையேற்றியது. 1979 அக்டோபரில் டிவித் தொடராக வந்தது.

கதை இதுதான். ஜெனரல் ஜார்ஜேவுக்கு ஆறாவதும் பெண் குழந்தை. அவர் அதற்கு ஆஸ்கர் என்று ஆண் பெயர் வைத்து, வாளும் குதிரையும் பழக்கி மகனாகவே வளர்க்கிறார். 1770-ல் ஆஸ்திரியாவிலிருந்து 14 வயது மேரி ஆண்டாய்னெட் பிரான்சின் வெர்சாய் அரண்மனைக்கு மணப்பெண்ணாக வரும்போது, அவளுக்குக் காவலாக நிற்பது அதே வயது ஆஸ்கர். ஆஸ்கரின் பக்கத்தில் எப்போதும் ஆந்த்ரே இருக்கிறான். ஆயாவின் பேரன், சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்தவன், வேலைக்காரன். ஸ்வீடன் நாட்டுப் பிரபு ஃபெர்சன் வருகிறான். ராணி ஃபெர்சனை விரும்புகிறாள், ஆஸ்கரும் ஃபெர்சனை விரும்புகிறாள், ஆந்த்ரே ஆஸ்கரை விரும்புகிறான். சொல்லும்போது மெகா சீரியல் போலத் தெரியும். பார்க்கும்போது அப்படி இல்லை.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது கண்கள். ஷிங்கோ அராகியும் மிச்சி ஹிமெனோவும் வரைந்த முகங்களில் கண்தான் பாதி இடம். அந்தக் கண்ணுக்குள் விளக்கு ஏற்றியதுபோல ஒளிப்புள்ளிகள். இப்போதைய பிள்ளைகளுக்கு அது பழைய பாணி. ஆனால் இந்த வகைக் கதையில் முக்கியமான எதுவும் வாயால் சொல்லப்படுவதில்லை. சொல்லமுடியாததையெல்லாம் அந்தப் புள்ளிகள்தான் சுமக்கின்றன. ஆஸ்கர் ராணுவ விறைப்போடு சல்யூட் அடிக்கும்போது உடம்பில் ஒன்றும் அசையாது, கண்ணுக்குள் மட்டும் ஒளி நடுங்கும்.

18-வது எபிசோட் வரை தாதாவோ நாகாஹாமா இயக்கியிருக்கிறார். அதற்கு முன் ரோபோ தொடர்களால் பேர் வாங்கியவர். அந்தப் பகுதியில் அரண்மனைச் சூழ்ச்சி, விஷம், வாள்சண்டை எல்லாம் கொஞ்சம் சத்தமாகவே இருக்கும். 19-லிருந்து ஒசாமு தெசாகி. அவர் கை பட்டதும் தொடரின் மூச்சே மாறுகிறது. உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் இடத்தில் காட்சி அப்படியே உறைந்து, கையால் தீட்டிய வண்ணப்படமாகிவிடும். ரசிகர்கள் ‘போஸ்ட்கார்டு மெமரி’ என்பார்கள். பார்க்கிறவர் அந்த நொடியை எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் தருகிற வேலை அது.

அந்த 19-வது எபிசோடிலேயே ஒரு இடி. சீமாட்டி போலிஞ்ஞாக்கின் மகள் ஷார்லோட்டுக்கு 11 வயது. பதவிக்காக அவளை நாற்பதைத் தாண்டிய ஒரு பிரபுவுக்குக் கட்டிவைக்க முடிவுசெய்கிறாள் அம்மா. அந்தக் குழந்தை கோபுரத்தின் மேலிருந்து விழுந்து சாகிறது. பத்து, பதினொன்று வயதுப் பிள்ளைகளை தினமும் பார்க்கிறவள் நான். அன்று இரவு இரண்டாவது எபிசோட் போடவில்லை. காதல் கதை என்று சிறுமிகளுக்குக் கொடுத்த ஒன்றில், காதலே கேட்காமல் நடத்தப்படும் கல்யாணம் எப்படிப்பட்டது என்று இவ்வளவு நேராகக் காட்டியிருப்பதை நினைத்துக்கொண்டே படுத்தேன்.

25-வது எபிசோட் பலருக்கும் பிடித்தது. ஆஸ்கர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பெண்ணுடை உடுத்தி, ஃபெர்சனோடு நடனமாடப் போகிறாள். இடுப்புக் கச்சை நாடாவை இழுத்துக் கட்டும் ஆயாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருடம் காத்திருந்த கை அது. நடனத்தின்போது ஃபெர்சன் தனக்குத் தெரிந்த ஒருவரின் சாயலை அவளிடம் காண்கிறான். அவள் ஓடிவிடுகிறாள். உடை மாற்றினால் அழகி ஆகிவிடுவாள், காதலன் கிடைத்துவிடுவான் என்ற கதை இல்லை இது. அந்த உடையில் போய்த்தான் அவன் மனதில் தனக்கு இடமில்லை என்று தெரிந்துகொள்கிறாள். பிறகு சீருடைக்குத் திரும்புகிறாள்.

ஆனால் நான் உட்கார்ந்து பார்த்தது ஆந்த்ரேக்காக. ஆஸ்கர் அலங்காரத்தோடு வந்து நிற்கும்போது பேச்சற்று நிமிர்ந்து பார்க்கிறானே, அவனுக்காக. இருபது வருடம் இவன் செய்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததுதான். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, கதவோரம் நின்றுகொண்டு, ஒரு அடி பின்னால் நடந்துகொண்டு. அப்படிப்பட்டவனிடமிருந்து கதை எதைப் பறிக்கிறது தெரியுமா? கண்ணை. அவளுக்கு உதவப்போன இடத்தில் இடது கண் போகிறது. பிறகு வலது கண்ணும் மெல்ல மெல்ல மங்குகிறது. அவளிடம் சொல்லாமல் மறைக்கிறான். சொன்னால் கூட நிற்க விடமாட்டாளே.

37-வது எபிசோடில் ஆஸ்கரை ஓர் ஓவியர் வரைகிறார், குதிரைமேல் போர்க்கடவுள் கோலத்தில். படம் முடிந்ததும் எல்லோரும் கூடி நிற்கிறார்கள். ஆந்த்ரே அதன் முன்னால் நின்று, இது எவ்வளவு அழகு என்று விவரிக்க ஆரம்பிக்கிறான். அவன் சொல்லும் எதுவும் அந்தத் துணியில் இல்லை. அவனுக்குப் பார்வை போய்விட்டது என்று அந்த அறைக்கே புரிகிறது. அவன் சொல்வது வேறொரு ஆஸ்கர், அவன் மனதில் இத்தனை வருடம் சேர்ந்திருந்தவள். யாரும் அவனைத் திருத்தவில்லை. ஆஸ்கர் கண் கலங்க நன்றி சொல்கிறாள். இரண்டாவது முறை பார்த்தபோது வீட்டுக்காரரையும் எழுப்பி உட்காரவைத்தேன். முன்கதை ஒன்றும் தெரியாமலேயே அவர் வாயடைத்துப் போனார்.

அதே எபிசோடில் காட்டில் மின்மினிகளுக்கு நடுவே இருவரும் மனம் திறந்து சேர்கிறார்கள். 1789 ஜூலை, பாஸ்டில் விழ இன்னும் ஒன்றிரண்டு நாட்களே. பாடத்தில் நான் நடத்துகிற தேதி, அதனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு இடங்களில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 28-வது எபிசோடில், இனி ஆணாகவே வாழப்போகிறேன், உன் துணை வேண்டாம் என்று ஆஸ்கர் சொல்ல, ஆந்த்ரே அவளைப் பலவந்தமாகப் பிடித்து, சட்டையைக் கிழித்துவிடுகிறான். பிறகு நிறுத்தி, மன்னிப்புக் கேட்கிறான். அந்தச் செயலின் கனத்தைத் தொடர் போதுமான அளவு சுமக்கவில்லை. காதல் மிகுதியால் நடந்தது என்று எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டு கொடுத்த பெண்ணிடம் இதைத் தனியாகவே பேசினேன். அவளும் அதையேதான் சொன்னாள், என்னைவிடக் கோபமாக.

இன்னொன்று 38-வது எபிசோட். மக்கள் பக்கம் சேரும் முடிவை எடுக்கும்போது, தான் ஆந்த்ரேயின் மனைவி, கணவன் எந்த வழியோ அந்த வழி என்று ஆஸ்கர் தன் சிப்பாய்களிடம் சொல்கிறாள். இகேதாவின் மூலக்கதையில் அந்த முடிவு அவளுடையது. பசித்த ஜனங்களைக் கண்ணால் பார்த்து, படித்து, யோசித்து, தானே வருகிற இடம். 37 எபிசோடாக ஒரு படைத் தலைவியைக் காட்டிவிட்டு, வாசலில் வந்து இப்படி மாற்றியிருக்க வேண்டாம்.

வரலாறு எவ்வளவு சரி என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்கரும் ஆந்த்ரேயும் கற்பனை. ஜார்ஜே என்ற பெயரில் ஓர் அதிகாரி உண்மையில் இருந்தார், சிறையிலிருந்த ராணியைத் தப்பவைக்கத் திட்டம் போட்டவர். ராணியின் பெயரைச் சொல்லி நடந்த வைர அட்டிகை மோசடி, அதில் ஏமாந்த கார்டினல் ரோஹான், ஃபெர்சன் எல்லாம் நிஜம். அந்த மோசடியை நடத்திய ழானின் சாவு மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. உண்மையில் அவள் சிறையிலிருந்து லண்டனுக்குத் தப்பிப் போய் 1791-ல் அங்கே இறந்தாள். பிரெஞ்சுக் காவல்படையினர் பீரங்கியோடு மக்கள் பக்கம் வந்ததால்தான் பாஸ்டில் விழுந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போகும் இந்த விஷயத்தைத் தொடர் முதுகெலும்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்கரை இகேதா வைத்திருப்பது சரியாக அந்த இடத்தில். இனி அந்தப் பகுதியை நடத்தும்போது அந்தச் சிப்பாய்களுக்கு முகம் இருக்கும் எனக்கு.

2025-ல் புதிய திரைப்படம் வந்திருக்கிறது, நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. மாப்பா ஸ்டூடியோவின் வண்ணங்கள் கண்ணைப் பறிக்கும், பாட்டுகளும் நிறைய. ஆனால் இருபது வருடக் காத்திருப்பை இரண்டு மணி நேரத்தில் காட்ட முடியாது. ஆந்த்ரே அதில் நல்லவனாகத் தெரிகிறான், அவ்வளவுதான். முதலில் தொடரைப் பாருங்கள். முதல் சில எபிசோடில் மேரியும் அரசரின் ஆசைநாயகி டூ பாரியும் பேசுவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தமும் சாவும் உண்டு, அதனால் பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வேண்டாம். 28-வது எபிசோடை வீட்டில் பெரியவர்கள் கூட உட்கார்ந்து பார்த்துப் பேசுவது நல்லது.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. மாடிப்படியில் என்னை மறித்து, “பார்த்தீங்களா மிஸ்? எந்த எபிசோட்ல அழுதீங்க?” என்றாள்.

“முப்பத்தேழு.”

“மின்மினியா, ஓவியமா?”

“ஓவியம்” என்றேன். என் கையிலிருந்த நோட்டுக் கட்டில் பாதியை வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வரை கூடவே வந்தாள்.