தனியாகச் சுற்ற யெரெவானா, கியும்ரியா?

ஆர்மீனியாவுக்குத் தனியாகக் கிளம்பும் பலருக்கும், தலைநகர் யெரெவானா, இரண்டாவது பெரிய நகரமான கியும்ரியா என்ற இந்தக் குழப்பம் வரும்.

நடை: யெரெவானில் குடியரசுச் சதுக்கத்திலிருந்து கஸ்கேட் படிக்கட்டு வரை நடந்தே போகலாம், கால் வலித்தால் மெட்ரோ உண்டு. கியும்ரியில் மெட்ரோ கிடையாது, தேவையும் இல்லை.

பழமை: கி.மு. 782-இல் எழுந்த எரெபுனி கோட்டைதான் யெரெவானின் பெருமை. ஆனால் நடுநகரம் பெரும்பாலும் சோவியத் காலத்து இளஞ்சிவப்புக் கல் கட்டடங்கள். கியும்ரியின் குமாய்ரி பகுதியிலோ 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கறுப்பு எரிமலைக்கல் சுவர், மரக்கதவு, இரும்பு பால்கனி. வர்தானந்த்ஸ் சதுக்கத் தேவாலயத்தின் வாசலில், 1988 நிலநடுக்கத்தில் விழுந்த கோபுரத் துண்டுகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். பழமையில் என் ஓட்டு கியும்ரிக்கே.

இரவு: இரண்டும் அமைதியான ஊர்கள். யெரெவானில் நேரமானாலும் தெருவில் ஆள் இருக்கும். கியும்ரி சீக்கிரமே அடங்கிவிடும்.

செலவு: கியும்ரியில் அறை வாடகை குறைவு.

குளிர்: கியும்ரி 1,500 மீட்டர் உயரம். ஜனவரியில் நம்மவர்களுக்குத் தாங்காது.

முதல் பயணம், மூன்றே நாள் என்றால் யெரெவான். கேமராவோடு நிதானமாக அலைபவருக்கு கியும்ரி. யெரெவானிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம், ஓர் இரவாவது தங்குங்கள்.