ராஜ்தூத் 350 ரெஸ்டோர் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ராஜ்தூத் 350 பைக், அதிலும் எச்டி (ஹை டார்க்) மாடல் வைத்திருப்பவர்கள், வண்டியைக் கடையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

வண்டி மாமாவுடையது, 1984 எச்டி. யமஹா ஆர்டி 350-ஐத்தான் எஸ்கார்ட்ஸ் 1983-லிருந்து இங்கே ராஜ்தூத் என்று விற்றது. 30.5 குதிரைத்திறன். பெட்ரோலை ரொம்பக் குடிக்கிறது என்று ஆட்கள் ஒதுங்கியதும், சிலிண்டரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுருக்கி 27-க்கு இறக்கிய எல்டி (லோ டார்க்) மாடல் வந்தது. இன்றைக்கு எச்டி சிலிண்டர் ஜோடிக்கு இருக்கும் கிராக்கியே வேறு.

நாங்கள் சொன்ன வேலை: பெயின்ட், குரோம், இன்ஜின், பாயின்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்னால் டிஸ்க் பிரேக். ஜப்பானில் டிஸ்க்கோடு வந்த வண்டிக்கு இங்கே டிரம்தான் கொடுத்தார்கள். ஓட்டியவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும்.

சொன்ன தேதியெல்லாம் தாண்டித்தான் வண்டி வந்தது. ஆனால் டேங்க்கில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ். பல்லடம் ரோட்டில் கொஞ்சம் முறுக்கியதும் இடது பக்கம் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கி, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. மாமா கிளட்ச்சைப் பிடித்ததால் தப்பித்தார்.

ஆர்டி வேலையிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். முதலில் ஆயில் பம்ப் கவரைக் கழற்றினார். இது டூ ஸ்ட்ரோக் வண்டி, தனி டேங்க்கில் இருக்கும் ஆயிலை இன்ஜினுக்கு அனுப்புவது இந்தப் பம்ப்தான். உள்ளே பம்ப்பே இல்லை. ஓட்டையைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். கடையிலிருந்து வரும்போது டேங்க்கில் இருந்தது ஆயில் கலந்த பெட்ரோல். அது தீர்ந்து நாங்கள் வெறும் பெட்ரோல் போட்டதும் கதை முடிந்தது. ஆயில் டேங்க் நிறைய 2டி ஆயில், ஒரு சொட்டு குறையவில்லை. பம்ப்பை எடுத்ததை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

அப்புறம் ஹெட்டைத் திறந்து, பிஸ்டன் தலையில் இருந்த கரியை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினார். 1.00 என்ற எண் தெரிந்தது. ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 64 மில்லிமீட்டர். இது ஒரு மில்லிமீட்டர் பெரியது. எங்கள் வண்டிக்கு ஒரே தடவை, 0.25-க்குத்தான் போர் போட்டிருந்தோம் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), லேத் பில் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், “தேய்மானம் அதிகமா இருந்துச்சுங்க, நாங்கதான் போர் போட்டோம்” என்றார். சரி, போர் பெரிதாகலாம். எக்ஸாஸ்ட் போர்ட் எப்படிச் சின்னதாகும்? மாட்டியிருந்தது எல்டி சிலிண்டர். அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

டிஸ்க் வேலையும் அதே தரம். கேலிப்பர் பிராக்கெட்டை ஃபோர்க்கில் வெல்டிங் அடித்த இடத்தில் மயிரிழை விரிசல். தயாரித்தபோது இருந்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது. ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது கேள்வி வரும் என்பதையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

கொடுத்த காசைவிட, போன சிலிண்டர்தான் நஷ்டம். கடையில் விடும் முன் சிலிண்டர், கார்ப்புரேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். போர் அளவை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் அத்தனையும் திரும்ப வர வேண்டும் என்பதைப் பில்லிலேயே போடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

யாராவது 0.25 போர் போட்ட எச்டி சிலிண்டர் ஜோடியை விற்பனைக்குக் கொண்டுவந்தால், வலது சிலிண்டரில் மேலிருந்து இரண்டாவது ஃபின் (சூட்டைத் தணிக்கும் வெளித்தகடு) முனை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மாமாவுடையது; ஒரு தகவல் கொடுங்கள்.