கட்சி டிவியா, காசு செய்தியா: வாக்காளரை அதிகம் ஏமாற்றுவது எது?

சன் டிவி 1993, ஜெயா டிவி 1999, கலைஞர் டிவி 2007. எந்தச் சேனல் எந்தப் பக்கம் என்பது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே கூட்டத்தை ஒருவர் மேலிருந்து எடுத்து 'மக்கள் வெள்ளம்' என்பார். இன்னொருவர் பின்வரிசைக் காலி நாற்காலியை க்ளோசப்பில் வைப்பார். பார்ப்பவர் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்புவார். ஆனால் காட்டாமலே விட்ட செய்தியை எப்படிக் கழிப்பது? கட்சி டிவியின் பலம் அங்கேதான்.

பார்ப்பவர் பாதியைக் கழித்துவிடுகிறார் என்பதற்காகக் கட்சி டிவியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ஃபாக்ஸ் நியூஸ் செய்திச் சேனல், 2000-க்குள் கேபிளில் எட்டிய ஊர்களில் குடியரசுக் கட்சிக்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி கூட்டியதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பார்க்கச் சின்ன எண்தான். அந்த ஆண்டு அதிபர் தேர்தலைத் தீர்மானித்த ஃப்ளோரிடா மாநிலத்தில் வித்தியாசம் 537 வாக்கு.

காசு செய்தி வேறு ரகம். வேட்பாளர் தரப்பு எழுதிக் கொடுக்கும், பத்திரிகை செய்தி எழுத்துருவிலேயே போடும், 'விளம்பரம்' என்ற சொல் இருக்காது. கண்டுபிடிக்க இரண்டு தடயம் போதும்: ஒரே வாசகம் இரு நாளிதழ்களில், வேறு வேறு நிருபர் பெயரில், அல்லது ஒரே பக்கத்தில், ஒரே தொகுதியின் இரு வேட்பாளருக்கும் 'வெற்றி உறுதி'.

புகார் வந்தால் மாவட்ட ஊடகக் கண்காணிப்புக் குழு பார்க்கும். செய்தி வெளியான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் நோட்டீஸ் தர வேண்டும். வேட்பாளர் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், பணம் கைமாறியதற்கு ரசீது கிடைக்காது. குழுவால் முடிவதெல்லாம், விளம்பரக் கட்டணப்படி ஒரு தொகையை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏற்றுவது. உத்தரப்பிரதேசத்தின் உம்லேஷ் யாதவ் 2007 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தார். காசு செய்திச் செலவை மறைத்ததற்காகத் தகுதியிழந்தது 2011 அக்டோபரில். பதவிக்காலம் கிட்டத்தட்ட முடிந்தே விட்டது!

என் கணக்கில் ஒரு தொகுதிக்குள் காசு செய்திதான் ஆபத்து. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் டிவி பிரசாரத்துக்குத் தடை உண்டு (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 126); அந்தத் தடை அச்சுக்கு இல்லை. வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் நாளிதழ் விளம்பரத்துக்குக் கண்காணிப்புக் குழுவின் முன்சான்று கட்டாயம். 'செய்தி'க்கு யார் சான்று கேட்கப்போகிறார்கள்?